ஆறாவது கல்

கச்சோராவில் விடியுமுன் சுமை கட்டுகிறேன்.
கூடாரம் நான்கு, காஸ் சிலிண்டர் ஒன்று,
வைக்கோலில் படுக்கவைத்த முட்டை அறுபது,
அப்புறம் அந்த நெட்டை அம்மாளின்
மடக்கு நாற்காலி.
முதுகு சரியில்லை என்று சைகையில் சொன்னாள்.
கொலோந்திரினாவின் முதுகை யாரும் விசாரிக்கவில்லை.
என் கோவேறு கழுதை அது.
பெயருக்குத் தகைவிலான் குருவி என்று பொருள்.
இதுவரை பறந்ததில்லை.

வழிகாட்டி வில்பெர்ட் குஸ்கோவில் படித்தவன்.
வளைவுக்கு ஓர் எண் சொல்கிறான்:
கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்,
பள்ளத்தாக்கு இத்தனை ஆழம்.
அடியில் அபுரிமாக் ஆறு
எதையும் காதில் வாங்காமல்
இரைந்துகொண்டு போகிறது.

இறக்கம் முழங்காலைத் தின்னும்,
ஏற்றம் நெஞ்சை.
இரண்டாம் நாள் நண்பகலில்
மீசை அரும்பிய பையன் ஒருவன்
பாறையில் குந்திக் கேட்டான்:
இன்னும் எவ்வளவு தூரம்?
கூப்பிடு தூரம்தான் என்றேன்.
பொய்யில்லை.
எதிர்ச்சரிவில் என் தம்பி எர்மோகெனெஸ்
மாட்டை அதட்டுவது இங்கே கேட்கும்.
நடந்து போனால் இரண்டு நாள்.
வில்பெர்ட் மொழிபெயர்த்தபோது
முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தான்.

மாலை மராம்பாத்தாவில்
மூன்று கோக்கா இலைகளை விசிறிபோல் பிடித்து
பனிமலையின் பக்கம் ஊதினேன்.
படம் எடுத்தார்கள்.
இன்னொரு முறை ஊதச் சொன்னார்கள்.
ஊதினேன்.
மலை எந்த முறையைக் கணக்கில் வைத்ததோ.

மூன்றாம் நாள்
மேகம் விலக, சோக்கேகிராவ்.
அடுக்கு வயல் சுவர்களில்
வெள்ளைக் கல்லால் பதித்த லாமாக்கள்
மேலே பார்த்தபடி ஏறுகின்றன,
எந்தக் காலத்திலோ கிளம்பியவை,
இன்னும் போய்ச் சேராதவை.
காட்டுக்குள் இன்னும் எத்தனை சுவர் கிடக்கிறதோ,
வில்பெர்ட்டிடம் அதற்கும் ஓர் எண் இருக்கிறது.

சதுக்கத்தின் வடக்குச் சுவர்.
ஐந்நூறு ஆண்டுகள், என்றான்.
நெட்டை அம்மாள் தொப்பியைக் கழற்றினாள்.
மூன்றாம் வரிசையில், இடமிருந்து ஆறாவது கல்மேல்
கன்னத்தை வைத்தாள்.
அழுதாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது.
சரிந்த சுவரை நிமிர்த்தும் வேலை,
நாள்கூலி, மத்தியானம் சோள சூப்.
அந்தக் கல்லைத் தூக்கியவர்கள் நால்வர்,
வைத்தவன் நான்.
என் இடது நடுவிரலின் நகம்
அதற்கடியில் கொஞ்சம் இருக்கிறது.
எந்தப் பக்கம் மேலே என்று
பொறியாளர் போட்ட சுண்ணாம்புக் குறியை
முந்தின இரவு மழை கழுவியிருந்தது.
குத்துமதிப்பாக வைத்தேன்.
தலைகீழாக வைத்துவிட்டேனோ என்ற சந்தேகம்
முப்பது ஆண்டாக
என்னோடு ஏறி இறங்குகிறது.

ஐந்நூறிலிருந்து முப்பதைக் கழித்துக்கொள் தாயே
என்று சொல்லியிருக்கலாம்.
வில்பெர்ட் என்னைப் பார்த்தான்.
அவனுக்குத் தெரியும்,
ஒரு ராத்திரி சிச்சா குடித்துவிட்டு உளறியிருக்கிறேன்.
நான் கொலோந்திரினாவின் வாரை இறுக்கினேன்,
இறுகித்தான் இருந்தது.

அவள் எதற்கு அழுதாளோ,
கேட்க என்னிடம் அவள் மொழி இல்லை.
கல் அவர்களுடையதுதான், செதுக்கியதும் அவர்கள்தான்.
ஒருவேளை
எந்தப் பக்கம் மேலே என்று
அவர்களில் ஒருவனும் குழம்பியிருப்பான்,
விரலை வாயில் வைத்துக்கொண்டு,
கங்காணி திரும்புவதற்குள்.

போகும்போது அந்தக் கன்னத்தில்
மண் ஒட்டியிருந்தது.
யாரும் சொல்லவில்லை.
நானும்.

திரும்பும் வழியில் தூரத்தை யாரும் கேட்கவில்லை.
பையன் விசிலடித்துக்கொண்டு முன்னே போனான்,
அவன் குரலுக்கு எதிர்ச்சரிவிலிருந்து
ஏதோ ஒரு நாய் பதில் சொன்னது.

கச்சோராவில் சுமை இறக்கினேன்.
அறுபது முட்டையில் ஒன்று உடைந்தது,
அதை நான் குடித்துவிட்டேன்.
நாற்காலி
ஒரு முறைகூட விரியவில்லை.
திங்கட்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள்.